சாய்ந்த மேசையில் ஊற்றிய பால்: எர்னி கோவாக்ஸ் செய்த வேலை

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மேசை, ஒரு மனிதர், ஒரு மதிய உணவுப் பெட்டி.]

மேசை மட்டமாக இருக்கிறது. சுவர் நேராக நிற்கிறது. அவர் பெட்டியிலிருந்து ஓர் ஆலிவ் காயை எடுத்து வைக்கிறார். அது உருண்டு ஓடிவிடுகிறது. இன்னொன்றை வைக்கிறார், அதுவும் ஓடுகிறது. பிறகு பிளாஸ்கைத் திறந்து கோப்பையில் பால் ஊற்றுகிறார். பால் நேராகக் கீழே விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து கோப்பைக்கு வெளியே போகிறது. மனிதர் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை, லேசான சலிப்புதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் எர்னி கோவாக்ஸ், 1957. கணினி கிடையாது. எடிட்டிங்கும் கிடையாது, நேரலை. எப்படிச் செய்தார்?

[திரையில்: வரைபடம். சாய்ந்த செட், அதே கோணத்தில் சாய்ந்த கேமரா.]

செட் முழுவதையும் சாய்த்துக் கட்டினார்கள். தரை, சுவர், மேசை, நாற்காலி எல்லாமே ஒரே கோணத்தில். பிறகு கேமராவையும் அதே கோணத்தில் சாய்த்தார்கள். இரண்டு சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் திரையில் அறை மட்டமாகத் தெரியும். புவியீர்ப்பு மட்டும் சாயாது, அது அதன் வழியிலேயே இழுக்கும். சாய்வு 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 6 அடி மேசையின் ஒரு முனை மற்றதைவிட ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். காய் ஓடாமல் என்ன செய்யும்?

இதைக் கெடுப்பதற்கு நிறைய வழிகள் உண்டு. தொங்கும் விளக்கோ திரைச்சீலையோ இருந்தால் அது உண்மையான செங்குத்தைக் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் தொங்கும் பொருள் எதுவும் ஆகாது. ஓடக் கூடாத பொருளை ஒட்டியோ ஆணியடித்தோ வைக்க வேண்டும். ஓட வேண்டியதை மட்டும்தான் சும்மா விடலாம். கண்ணாடிக் கோப்பையில் பால் நின்றால் அதன் மேல்மட்டம் சாய்வாகத் தெரியும், ஆகவே உள்ளே தெரியாத கோப்பை நல்லது. எல்லாவற்றிலும் சிரமம் நடிகருக்கு. உடம்பு தானாகவே உண்மையான செங்குத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதை அடக்கி, மேசைக்கு நேராக உட்கார்ந்து, அதற்கு மேல் நடிக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டுடியோவில் நேரில் இருப்பவருக்கு இதில் நகைச்சுவையே இல்லை. சாய்ந்த மேசையில் ஒருவர் பாலைச் சிந்துகிறார், அவ்வளவுதான். கேமராவின் கண்ணாடி வழியாக வந்த பிறகுதான் அது வேடிக்கை ஆகிறது. கோவாக்ஸ் ஸ்டுடியோவில் பார்வையாளரை உட்கார வைக்கவே விரும்பாததற்குக் காரணம் இதுதான். பதிவு செய்த சிரிப்பொலியும் அவருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்து மற்ற நகைச்சுவை நடிகர்களில் பலர் நாடக மேடையில் பழகியவர்கள், டிவிக்கு வந்தபோது மேடையையும் கூடவே தூக்கிவந்தார்கள். கோவாக்ஸுக்கு மேடையே டிவிப் பெட்டியின் படக்குழாய்தான்.

[திரையில்: நியூ ஜெர்ஸி வரைபடம், ட்ரென்டன்.]

பிறந்தது 1919 ஜனவரி 23, ட்ரென்டன் நகரில். பெற்றோர் ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்கள். நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நுரையீரல் நோய் கண்டு, ஒன்றரை வருடத்துக்கு மருத்துவமனை வாசம். படுக்கையில் கிடந்தபடி வானொலியில் செவ்வியல் இசை கேட்டதும், பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்ததும்தான் அந்தக் காலத்து வேலை. பின்னால் இசைக்கு ஏற்றபடி அலுவலகச் சாமான்களையும் சமையலறைச் சாமான்களையும் ஆட வைத்தார், அதற்கான காது இங்கே பழகியது. வெளியே வந்து உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளர் ஆனார், பத்திரிகையில் பத்தியும் எழுதினார்.

1950இல் பிலடெல்பியாவின் டபிள்யூ.பி.டி.இசட். தொலைக்காட்சி நிலையம். அங்கே ஒரு சமையல் நிகழ்ச்சி. அந்த நவம்பரில் காலை நிகழ்ச்சி ஒன்று தொடங்கினார்கள். காலையில் யார் டிவி பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம். பணம் இல்லை, எழுதிய வசனம் இல்லை, நிரப்ப வேண்டிய நேரமோ ஏராளம். வானிலை அறிக்கையில் மழை என்று வந்தால் ஏணியில் ஏறி, வாசிப்பவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஜனங்கள் பார்த்தார்கள். காலையிலும் ஆள் பார்ப்பார்கள் என்று தெரிந்த பின், 1952 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் நாடு முழுவதற்குமான தன் காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது.

பாடகி ஈடி ஆடம்ஸ் அவரோடு சேர்ந்தது 1951இல், திருமணம் 1954இல் மெக்சிகோ நகரில். நிலையங்கள் மாறிக்கொண்டே இருந்தன: சி.பி.எஸ்., டூமான்ட், மறுபடி என்.பி.சி. எங்கேயும் நிலைக்கவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற மதிப்பீட்டு எண்கள் என்றைக்கும் அவர் பக்கம் இருந்ததில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பாத்திரங்கள் கூடவே வந்தன. கண்கள் வரைந்த விளையாட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கவிதை படிக்கும் பெர்சி டவ்டான்சில்ஸ். 1954இல் வந்த நைரோபி ட்ரியோ: கொரில்லா முகமூடி, ஓவர்கோட், டெர்பி தொப்பியோடு மூன்று பேர், சாவி கொடுத்த பொம்மை போல அசைவார்கள். ஒருவர் வாழைப்பழத்தால் இசை நடத்துவார், இன்னொருவர் பியானோ, மூன்றாமவர் தாளக் குச்சியால், சரியான தாளத்தில், இசை நடத்துபவர் மண்டையில் போடுவார். அடி விழும் என்று நமக்குத் தெரியும், எப்போது என்றும் தெரியும். இருந்தும் சிரிப்பு வருகிறது.

[திரையில்: 1957 ஜனவரி 19.]

திருப்புமுனை தற்செயலாக வந்தது. கூட்டாளி டீன் மார்ட்டினைப் பிரிந்த நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸுக்கு என்.பி.சி. 90 நிமிடம் கொடுத்தது. அவர் 60 போதும் என்றார். மிச்சம் 30 நிமிடம். லூயிஸுக்குப் பின்னால் போய் நிற்க யாருக்கும் ஆசை இல்லை. கோவாக்ஸ் எடுத்துக்கொண்டு, வசனமே இல்லாமல் அரை மணி நேரம் செய்தார். அந்தச் சாய்ந்த மேசை இதில்தான். பாத்திரத்தின் பெயர் யூஜீன். பேச்சு இல்லையே தவிர ஒலி உண்டு: காசநோயில் சாகும் நாயகியின் நாவலைப் பிரித்தால் உள்ளிருந்து இருமல் கேட்கும். நேரலையில் இது லேசான காரியம் இல்லை. ஒலி கொடுப்பவர் மானிட்டரைப் பார்த்தபடி விரலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். புத்தகம் திறந்து அரை நொடி கழித்து இருமல் வந்தால் நகைச்சுவை செத்தது.

ஹாலிவுட் கூப்பிட்டது இதற்குப் பிறகுதான். பெரும்பாலும் ராணுவ, போலீஸ் அதிகாரி வேடங்கள். அதை விட்டுவிடுவோம், தந்திரங்களுக்கு வருவோம்.

தலைகீழ்ப் படம்: சூப் டப்பாவும் 45 டிகிரியில் பொருத்திய கண்ணாடிகளும். லென்ஸுக்கு முன்னால் அதை மாட்டினால் ஆள் கூரையில் நடப்பார். செலவு சில்லறைக் காசு.

தண்ணீருக்கு அடியில் சுருட்டு: தொட்டிக்குள் முங்கியபடி சுருட்டை வாயிலிருந்து எடுத்து, வெள்ளைப் புகை விடுவார். அது பால். முங்கும் முன்பே வாயில் அடக்கிக்கொண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் தண்ணீரில் கலையும் பாலுக்கும் புகைக்கும் வேறுபாடு தெரியாது.

[திரையில்: இரண்டு கேமரா, நடுவில் படங்களைக் கலக்கும் சாதனம். வரைபடம்.]

தலையில் ஓட்டை: உதவி நடிகை பார்பரா லோடனின் தலையில் ஓர் ஓட்டை, அதன் வழியாகப் பார்க்கும் கோவாக்ஸின் கண். முதல் கேமரா லோடனைக் கறுப்புப் பின்னணியில் பார்க்கிறது. தலையில் ஒரு கறுப்பு ஒட்டு. இரண்டாவது கேமரா கோவாக்ஸைப் பார்க்கிறது. மின்னணுச் சாதனம் முதல் படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் இரண்டாவது படத்தை நுழைக்கும். இங்கே முடிவு செய்வது நிறம் இல்லை, வெளிச்ச அளவு. ஆகவே கழுத்து மடிப்பில் கருநிழல் விழுந்தாலும் அங்கேயும் கோவாக்ஸ் எட்டிப் பார்ப்பார்! விளக்கைச் சமமாகப் பரப்பி நிழலைக் கொல்ல வேண்டும். கோவாக்ஸோ மானிட்டரைப் பார்த்துக்கொண்டே தன் கண்ணை அந்தப் பொட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

1961இல் ஏ.பி.சி.யில் மாதம் ஒன்றாகச் சிறப்பு நிகழ்ச்சிகள். டட்ச் மாஸ்டர்ஸ் சுருட்டுக் கம்பெனி விளம்பரதாரர். அந்த விளம்பரங்களையும் அவரே பேச்சில்லாமல், தந்தி வாத்திய இசைப் பின்னணியில் எடுத்தார். சிலதில் நிகழ்ச்சியைவிட விளம்பரம் மேல் என்று துணிந்து சொல்லலாம். இவை வீடியோ டேப்பில் பதிவானவை. அவருடைய கடைசிக் கருவி அதுதான்.

[திரையில்: 2 அங்குல டேப், சுழலும் உருளை.]

ஆம்பெக்ஸ் நிறுவனம் இந்த இயந்திரத்தைக் காட்டியது 1956இல். டேப்பின் அகலம் 2 அங்குலம், வேகம் நொடிக்கு 15 அங்குலம். நான்கு தலைகள் கொண்ட உருளை நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று, டேப்பின் குறுக்கே நொடிக்கு 960 கோடு எழுதும். அதை வெட்டி ஒட்டுவது எப்படி? படச்சுருள் போலக் கண்ணுக்குத் தெரியாதே. நுண்ணிய இரும்புத் தூள் கலந்த திரவத்தைத் தடவினால் காந்தக் கோடுகள் தெரியும். நுண்ணோக்கி வைத்துச் சரியான இரண்டு கோடுகளுக்கு நடுவே பிளேடால் வெட்டி, பின்பக்கம் ஒட்ட வேண்டும். தவறிய இடத்தில் வெட்டினால் படம் உருளும். இன்னொரு வம்பு: ஒலி பதியும் தலை, படம் பதியும் உருளைக்கு 9 அங்குலத்துக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆக, ஒரே இடத்தில் வெட்டினால் படமும் ஒலியும் அரை நொடிக்கு மேல் விலகும். வெட்டும் இடத்தில் நிசப்தம் இருந்தால் பிழைத்தீர்கள். ஐந்தே நொடி ஓடும் துணுக்குகளைச் சரம் சரமாகக் கோக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு வேலை என்று கணக்குப் பாருங்கள்.

யூஜீனை இந்தத் தொடருக்காக மறுபடி எடுத்தார். அதற்குச் சக இயக்குநர் ஜோ பெஹாரோடு சேர்த்து இயக்குநர் சங்க விருது கிடைத்தது.

1962 ஜனவரி 13 அதிகாலை. லாஸ் ஏஞ்சலஸில் திரைப்பட இயக்குநர் பில்லி வைல்டர் வீட்டு விருந்து முடிந்து, ஈடி ஒரு காரிலும் அவர் ஒரு காரிலுமாகக் கிளம்பினார்கள். மழை ஈரம். கோவாக்ஸ் ஓட்டிய கோர்வேர் வண்டி வளைவில் கட்டுப்பாடு இழந்து கம்பத்தில் மோதியது. வயது 42. பத்து நாள் கழித்து, அவருடைய பிறந்த நாளன்று, கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

பின்னால் நின்றது பெரிய வரிக் கடன். நண்பர்கள் நிதி திரட்டுகிறோம் என்றார்கள். ஈடி ஆடம்ஸ் வேண்டாம் என்று சொல்லி, உழைத்தே அடைத்தார். இதற்கிடையில் தொலைக்காட்சி நிறுவனம் டேப்புகளை அழித்து மேலே வேறு பதிவு செய்துகொண்டிருந்தது. ஒரு மணி நேர டேப் 300 டாலர், அழித்தால் மறுபடி பயன்படும். அவர்கள் கணக்கு அது. ஈடி கைக்காசு போட்டு மிச்சம் இருந்ததை வாங்கினார். டூமான்ட் காலத்துப் பதிவுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவை லாரியில் ஏற்றப்பட்டு நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன என்று 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் ஈடியே சாட்சி சொன்னார்.

[திரையில்: மறுபடி மேசை, பிளாஸ்க், பால்.]

நாம் தொடக்கத்தில் பார்த்த 1957 நிகழ்ச்சி பிழைத்தது வேறு வழியில். மானிட்டரின் எதிரே ஒரு சினிமா கேமராவை நிறுத்தி, திரையை அப்படியே படமெடுப்பார்கள், கினிஸ்கோப் என்று பெயர். அன்று இரவு அது வண்ணத்தில் ஒளிபரப்பானது. படமெடுத்த பிலிம் கறுப்பு வெள்ளை. அந்தச் சுவருக்கு என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்பது இந்தப் பிலிமில் இல்லை.