‘பை ஹூக் ஆர் பை குரூக்’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதலாமா?

வணக்கம். சென்ற காணொளியில் அறிவித்த ஆங்கில மரபுத்தொடரை அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைக்கிறேன். என் அக்கா மகள் கணக்கர் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தை நேற்று படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நிறுவனத்தின் இலக்கை ‘பை ஹூக் ஆர் பை குரூக்’ எட்டிக் காட்டுவேன் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தாள். தன் உறுதியைக் காட்டத்தான் எழுதினாள். ஆனால் ஆங்கிலம் நன்கறிந்தவர் அதை ‘நேர்வழி இல்லாவிட்டால் குறுக்கு வழியிலாவது’ என்றே புரிந்துகொள்வார். கணக்கு எழுதப்போகிறவர் தரக்கூடிய வாக்குறுதியா இது?

எங்கே படித்தாய் என்று கேட்டதும், பயிற்சி வகுப்பில் வாங்கிய மரபுத்தொடர்க் கையேட்டை நீட்டினாள். எட்டே பக்கம், விலை 60 ரூபாய். பக்கத்திற்கு ஏழரை ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘விடாமுயற்சியுடன்’ என்று ஒரே சொல்லில் பொருள் அச்சிட்டிருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த 60 ரூபாயை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இடைக்கால இங்கிலாந்தில் நிலக்கிழாரின் காட்டு மரங்களை வெட்ட எளியவர்களுக்கு உரிமை இல்லை. அரிவாளுக்கும் (ஹூக்) இடையரின் வளைகோலுக்கும் (குரூக்) எட்டுகிற கிளைகளை மட்டும் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்திலிருந்து இத்தொடர் பிறந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் நம் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். ‘குரூக்’ என்றால் வளைவு. கோணல் வழி என்ற சாயலும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அயர்லாந்தின் ஹூக் முனை வழியாகவோ எதிர்க்கரையில் உள்ள குரூக் வழியாகவோ வாட்டர்ஃபோர்ட் நகரைப் பிடிப்பேன் என்று ஆங்கிலப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த இடங்கள் உண்மையானவை; கதையை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அவர் அந்நகரை முற்றுகையிட்டது 1649இல். ஆங்கிலேயச் சமய அறிஞர் ஜான் விக்ளிஃப்பின் பெயரால் வழங்கும், 1380ஐ ஒட்டிய எழுத்திலேயே இத்தொடர் வந்துவிட்டது.

தமிழில் ‘எப்பாடுபட்டாவது’ என்றால் துன்பத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ‘எப்படியாவது’ என்றால் வழி எதுவாயினும் சரி என்கிறோம். இந்த ஆங்கிலத் தொடர் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. வெள்ளத்தில் தனியே சிக்கிய தாயிடம் எப்படியாவது போய்ச் சேருவேன் என்று ஒரு மகன் துடிக்கும்போது அதைத் தாராளமாகச் சொல்லலாம்; அங்கே யாரும் வழியைக் கேட்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

‘கம் வாட் மே’ என்று மாற்றச் சொன்னேன். என்ன நேர்ந்தாலும் என்ற உறுதி மட்டுமே அதில் இருக்கிறது. அவள் அதையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் முடித்துத் தருவேன் என்று எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டாள்.