எட்டாவதாக வந்த பையன்

எல்லோருக்கும் வணக்கம். பந்தயத்தில் ஜெயித்தவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எட்டாவதாக வந்த ஒருவனில் ஆரம்பிக்கிறேன்.

1964 ஜூன் 5, கலிஃபோர்னியாவில் காம்ப்டன் நகரம். ஒரு மைல் ஓட்டம். பெரிய ஓட்டக்காரர்களுக்கு நடுவே கான்சாஸிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பையன், வயது 17. பெயர் ஜிம் ரயன். எட்டாவதாகத்தான் வந்தான். ஆனால் அவன் எடுத்துக்கொண்டது 3 நிமிடம் 59 விநாடி. நான்கு நிமிடத்துக்குள் மைலை முடித்த முதல் அமெரிக்கப் பள்ளி மாணவன் அவன்தான்.

அதற்கு முன்னால் அவன் கதை என்ன தெரியுமா? சர்ச் பேஸ்பால் அணியில் வேண்டாம் என்று கழித்துவிட்டார்கள். நடுநிலைப் பள்ளியில் தடகள அணியிலும் இடமில்லை. விசிட்டா ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஓடிய முதல் மைலுக்கு 5 நிமிடம் 38 விநாடி. சுமார்தான். ஆனால் பாப் டிம்மன்ஸ் என்கிற பயிற்சியாளர், நீ நான்கு நிமிடத்துக்குள் ஓடப்போகிறாய் என்று அவனிடம் சொல்லிவிட்டார். பையனும் நம்பிவிட்டான். 1965-இல் அவன் ஓடிய 3:55.3, பள்ளிச் சாதனையாக 36 வருடம் அப்படியே நின்றது. 2001-இல் ஆலன் வெப் வந்துதான் 3:53.43-இல் அதை உடைத்தார்.

இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் மைல் ஓட்டமே இல்லை, 1600 மீட்டர்தான். 400 மீட்டர் தடத்தில் சரியாக நான்கு சுற்று. மைலுக்கு ஒன்பது மீட்டர் சொச்சம் குறைவு. ஒலிம்பிக்கில் 1500. இந்த 1600 யாருக்குச் சொந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடைப்பந்து அணியில் பதினைந்து பேரோடு கதவு மூடிவிடும். தடகளத்தில் பல பள்ளிகள் யாரையும் கழிப்பதில்லை, வந்தவர்கள் எல்லோரும் ஓடலாம். பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது. கல்விக்கூடங்களில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வருவதற்கு முன்பு நாடு முழுவதும் பள்ளி விளையாட்டுகளில் இருந்த மாணவிகள் 3 லட்சம்கூட இல்லை. இப்போது 30 லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்பதாம் வகுப்பில் ஓட வந்த அலிசன் ஃபீலிக்ஸின் ஒல்லிக் கால்களைப் பார்த்து, கூடப் படித்தவர்கள் 'கோழிக்கால்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தக் கால்கள் 11 ஒலிம்பிக் பதக்கங்களைக் கொண்டுவந்தன.

என் பெண் ஓடும் பள்ளியில் நான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற தொண்டன். போன வசந்தத்தில் ஒரு நாள் மாலை, மாணவிகளின் 3200 மீட்டர். எட்டுச் சுற்று. மற்றவர்கள் எல்லோரும் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கடைசிச் சுற்றில். அடுத்தது தொடர் ஓட்டம். தடிகளோடு காத்திருந்த பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இல்லை, வளைவில் வரிசையாக நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், எதிர்ப்பள்ளிக்காரர்களும் சேர்ந்து. வந்து விழாத குறையாக என்னிடம் நேரம் கேட்டாள். 15 நிமிடம் 40 விநாடி என்றேன். போன வாரம் பதினாறுக்கு மேல் அங்கிள், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, வியர்த்த உள்ளங்கையைத் துடைத்துவிட்டு அதில் எழுதிக்கொண்டாள்.