மரத்து மேல சிங்கம்: அமெரிக்க வேட்டைக்காரங்க ஏன் ரெண்டு பட்டு நிக்கிறாங்க?

[காட்சி: பனி மூடின மலைச்சரிவு. தூரத்துல நாய் குரைக்கிற சத்தம்.]

அமெரிக்காவுல கொலராடோ மலை. டிசம்பர் மாசம், விடியக்காலை. ராத்திரி புதுசா பனி விழுந்திருக்கு. இதுக்காகத்தான் ஒருத்தர் ரெண்டு வாரமா காத்துக்கிட்டிருந்தார். பனியில ஒரு கால்தடம். நகம் பதியல. அப்போ நாய், ஓநாய் எதுவும் இல்ல, பூனை ஜாதி. வேட்டை நாய்களை அவுத்து விடுறார். கொஞ்ச நேரத்துல குரைப்போட தொனி மாறுது. துரத்தும்போது ஒரு குரல், மரத்தடியில நின்னு கத்தும்போது வேற குரல். மேல, பைன் மரக் கிளையில, மலைச் சிங்கம்.

கையில துப்பாக்கி இருக்கு. ஆனா அவர் முதல்ல பாக்குறது வாலுக்குக் கீழ. அங்க கறுப்பா ஒரு பொட்டு தெரிஞ்சா ஆண். தெரியலேன்னா பெண். பெண்ணா இருந்தா நாய்களைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு இறங்கிடுற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.

[காட்சி: மலைச் சிங்கத்தின் முகம், நெருக்கத்தில்.]

பேர்தான் சிங்கம். கர்ஜிக்காது, வீட்டுப் பூனை மாதிரி குறுகுறுன்னு சத்தம் போடும். பூமா, கூகர் எல்லாமே இதே விலங்குதான்.

வேட்டைக்காரங்கன்னா இதை ஒழிக்க நினைக்கிறவங்கன்னு நாம நினைப்போம். ஒரு காலத்துல அது உண்மை. கொலராடோவுல 1881 முதல் 1965 வரைக்கும், கொன்னு கொண்டு வந்தா அரசாங்கமே காசு கொடுத்துச்சு. கலிஃபோர்னியாவுல 1907 முதல் 1963 வரைக்கும் இப்படிக் காசு வாங்கிக் கொன்னது 12,000-க்கும் மேல.

இது மாறினதுல ஒரு வேட்டைக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. 1964-ல மாரிஸ் ஹோர்னாக்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் ஐடஹோ மாநிலத்துக் காட்டுக்குள்ள போறார். கூட வந்தது வில்பர் வைல்ஸ். நாய் வெச்சு சிங்கம் பிடிக்கிறதுல கைதேர்ந்தவர். அதே நாய், அதே மரம், ஆனா தோட்டாவுக்குப் பதிலா மயக்க ஊசி. அடையாளம் போட்டு விட்டுடுவாங்க. வருஷக்கணக்கா, குளிர்காலம் பூரா நடந்தே சுத்தினாங்க. தெரிஞ்சது என்னன்னா, இந்த விலங்கு தன் எல்லையைத் தானே வகுத்துக்குது, கண்டபடி பெருகிடாது. சிங்கம் இருந்துமே அந்தப் பகுதியில மான் கூட்டம் குறையல.

1972-ல ஐடஹோ இதை 'வேட்டை விலங்கு' பட்டியல்ல சேர்த்துச்சு. வேடிக்கையைப் பாருங்க, அந்தப் பட்டியல்ல சேர்ந்ததுதான் பாதுகாப்பு! அதுக்கப்புறம்தான் லைசென்ஸ், வேட்டைக் காலம், எண்ணிக்கை வரம்பு எல்லாம். டெக்சாஸ்ல அந்தப் பட்டியல்ல இல்லாததால இன்னிக்கும் எத்தனை வேணாலும் கொல்லலாம்.

[காட்சி: மான் கூட்டம், பிறகு நாய்களோட ஒரு பிக்கப் வண்டி.]

இப்போ சண்டைக்கு வருவோம். மான் வேட்டைக்காரருக்குச் சிங்கம் போட்டியாளி. ஒரு சிங்கம் தோராயமா வாரத்துக்கு ஒரு மானை அடிக்கும்னு கணக்கு. மான் குறைஞ்சா முதல்ல கை நீட்டுறது அது பக்கம்தான், வறட்சியோ கடும் குளிரோ காரணமா இருந்தாலும். நாய் வெச்சு வேட்டையாடுறவருக்கோ, அடுத்த குளிர்காலத்துலயும் கால்தடம் வேணும். இவங்கள்ல பலர் வருஷக்கணக்கா துரத்துவாங்க, மரத்துல ஏத்துவாங்க, படம் எடுத்துட்டு விட்டுட்டு வந்துடுவாங்க. 2023-ல யூட்டா மாநிலம், வருஷம் பூரா வேட்டையாடலாம், தனி பர்மிட் வேண்டாம், பொறியும் வைக்கலாம்னு சட்டம் போட்டப்போ எதிர்த்துப் பேசினவங்கள்ல நாய் வேட்டைக்காரங்களும் இருந்தாங்க.

நாய் வெச்சு வேட்டையாடுறதே கொடுமைன்னு ஓரிகன் மாநிலத்துல 1994-லயும் வாஷிங்டன் மாநிலத்துல 1996-லயும் மக்கள் ஓட்டு போட்டுத் தடை செஞ்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா வாஷிங்டன்ல அடுத்து நடந்தது என்ன? லைசென்ஸ் விலையைக் குறைச்சாங்க, வேட்டைக் காலத்தை நீட்டினாங்க. மான் தேடிப் போனவர் கண்ணுல அரை நிமிஷம் பட்டா சுட்டுடுவார். வாலுக்குக் கீழ பாக்க நேரம் ஏது? செத்ததுல பெண் விலங்குகளோட பங்கு கூடிப் போச்சு.

அதுக்காக நாய் வேட்டைக்காரங்க சொல்றதெல்லாம் சரின்னு ஆகாது. தாய் இரை தேடிப் போகும்போது குட்டிங்களை எங்கயாவது மறைச்சு வெச்சுட்டுத்தான் போகும். மரத்துல தனியா நிக்கிற பெண்ணுக்குக் குட்டி இல்லன்னு யார் உறுதி சொல்றது? சுடலைன்னாலும் துரத்தல் துரத்தல்தான். 'வேட்டை இல்லேன்னா ஊருக்குள்ள சிங்கம் நிரம்பிடும்'ங்கிற வாதம் எனக்கு இன்னும் பலவீனமா தெரியுது. கலிஃபோர்னியாவுல 1972-லேருந்து விளையாட்டு வேட்டை கிடையாது. ஆடு மாட்டை அடிக்கிற விலங்குக்கு மட்டும் தனி அனுமதி. அங்க ஒண்ணும் நிரம்பிடல.

எவ்வளவு வேட்டை தாங்கும்? கொலராடோவுல ஆராய்ச்சியாளர் கென் லோகன் குழு 2004 முதல் 2014 வரைக்கும் ஒரே பீடபூமியில சோதிச்சாங்க. முதல் அஞ்சு வருஷம் வேட்டை இல்ல, எண்ணிக்கை ஏறிச்சு. அடுத்த அஞ்சு வருஷம் 100 சிங்கத்துக்கு 15-ங்கிற அளவுல வேட்டை, எண்ணிக்கை இறங்கிச்சு. அந்த அளவுகூட அதிகம்னு அப்பதான் புரிஞ்சது. வாஷிங்டன் ரொம்ப வருஷம் தன் வரம்பை 12-லேருந்து 16 சதவீதத்துக்குள்ள வெச்சிருந்துச்சு.

[காட்சி: வாக்குச்சாவடி.]

2024 நவம்பர்ல கொலராடோ மக்கள்கிட்டயே கேட்டாங்க, இந்த வேட்டையைத் தடை செய்யலாமான்னு. சுமார் 55 சதவீதம் பேர் தடை வேண்டாம்னுட்டாங்க. அதனால வேட்டை தொடருது. அங்க லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஆண் எது, பெண் எதுன்னு பரீட்சை எழுதிப் பாஸ் ஆகணும். சுட்டா கறியை வீணாக்கக் கூடாது. உடலை அதிகாரிகிட்ட கொண்டு போய்க் காட்டணும்; சிங்கத்தோட வயசு பாக்க அவர் ஒரு பல்லைப் பிடுங்கிக்குவார். வளர்ந்த பெண் அதிகமா வந்து சேர்ந்தா, அடுத்த வருஷம் அந்தப் பகுதிக்கு வரம்பைக் குறைக்கலாம்.