மே மாத லீவில் தரங்கம்பாடி போகலாமா?

சரி, அடுத்த கேள்வி. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஏற்காடு அலுத்துவிட்டதாம், மே மாத லீவில் தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் பழைய மீனவ கிராமங்களைக் காட்டலாம் என்று இருக்கிறார்கள், கோட்டையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கு என்கிறார்.

நிறைய இருக்கிறது அக்கா, ஆனால் முதலில் அந்த மே மாதத்தைப் பேசிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், மீன் இனப்பெருக்கம் ஆகிற பருவம் என்று விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். பைபர் படகு கரையை ஒட்டிப் போய்வரும், அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். அதனால் பொங்கல் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் போனால்தான் ஊரை ஊராகப் பார்க்க முடியும்.

அப்புறம், காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிற மாதிரி போகாதீர்கள். முதல் நாளே போய்த் தங்கி, விடிந்ததும் படகு கரையேறுகிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வலையை மணலில் விரித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, சிக்கியிருக்கிற நண்டை ஒவ்வொன்றாக, கால் ஒடியாமல் கழற்றுவார்கள், ஏனென்றால் கால் போன நண்டுக்கு விலை விழுந்துவிடும். மேட்டூர் அணை மீனும் ஐஸ் பெட்டியில் வருகிற கடல் மீனும் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, அந்த அரை மணி நேரம் போதும், மீன் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

தரங்கம்பாடி என்றாலே டேனிஷ்காரர்கள் ஊர் என்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் கோட்டை கட்டியது 1620-இல், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அங்கே கடலோரம் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது, கோட்டைக்கு முன்னூறு வருஷம் மூத்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தையாவது அவசியம் பாருங்கள். பூம்புகார் இன்னும் பழசு. அங்கே பரதவர்கள், அதாவது அந்தக் கால மீனவர்கள், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாக் கொம்பை நட்டுச் சாமி கும்பிட்டு, உண்டு ஆடியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, அந்தக் கரை மீனவர்கள் வேலை செய்கிற இடம். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம், செருப்புக் காலோடு வலையை மிதிக்க வேண்டாம், ஆள் இல்லாத படகுதானே என்று ஏறி உட்கார வேண்டாம். 2004 சுனாமியில் ஆளை இழந்த வீடுகள் அங்கே நிறைய. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

வழி என்று பார்த்தால் சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு ஊருக்குமே பஸ் உண்டு. கார் என்றால் ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி.

மே மாதம்தான் முடியும் என்றாலும் போங்கள், வீண் இல்லை. தடைக்காலத்தில்தான் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையை உட்கார்ந்து பின்னுவார்கள், நின்று பேச அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். வெயில் மட்டும் கடுமையாக இருக்கும், காலை ஒன்பது மணிக்குள் கரையைப் பார்த்து முடித்துவிடுங்கள்.