கட்டையை விட்டுப் பாயாதீர்கள், கட்டையைத் தள்ளுங்கள்

பயிற்சியாளர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, வணக்கம். குறுந்தூர ஓட்டத்தில் ஓடுபவர் பாதங்களை ஊன்றித் தள்ளிப் புறப்படும் தொடக்கக் கட்டைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் அமெரிக்க வீரர் நோவா லைல்ஸ் துப்பாக்கி ஒலிக்கு அசைய 0.178 விநாடி எடுத்துக்கொண்டார். அந்த எட்டுப் பேரில் அவரைவிட மெதுவாக அசைந்தவர் யாருமில்லை. தங்கம் அவருக்குத்தான், 9.784 விநாடியில். நம் மைதானங்களிலோ "சத்தம் கேட்டதும் பாய்" என்பதையே தொடக்கப் பயிற்சி என்கிறோம். காதைத் தீட்டி மிச்சப்படுத்துவது நூறில் ஓரிரண்டு பங்கு விநாடி. துப்பாக்கி ஒலித்து 0.100 விநாடி ஆகும் முன்பே அசைந்தால் தவறான தொடக்கம். 2010 முதல் ஒரே தவறுக்கு வெளியேற்றம்; 2011-ல் தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட்டே அப்படி வெளியேறினார்.

தள்ளல் எவ்வளவு தருகிறது என்று கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 0.35 விநாடி தள்ளி, விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் கட்டையை விடுகிறார் என்றால், முன்னோக்கிக் கிடைத்த சராசரி விசை 640 நியூட்டன். கிட்டத்தட்ட அவருடைய எடைக்குச் சமம்! பாடத்தில் படித்த கணத்தாக்குதான் இது: விசையும் வேண்டும், அது செயல்பட நேரமும் வேண்டும். இரண்டு கட்டைகளையும் மிக நெருக்கினால் கால் சீக்கிரம் விடுபடும்; ஆனால் தள்ள நேரமில்லாமல் வேகம் குறையும்.

தொடக்கக் கோட்டிலிருந்து முன்கட்டைக்கு இரண்டு பாத நீளம், பின்கட்டைக்கு மூன்று. இதிலிருந்து தொடங்கி ஆளுக்கேற்ப மாற்றுங்கள். துப்பாக்கிக்குச் சற்று முன் சொல்லும் 'செட்' கட்டளைக்கு இடுப்பை உயர்த்தி நிற்கும் நிலையில் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே இருக்கட்டும். முன்முழங்கால் ஏறக்குறைய 90 பாகை, பின்முழங்கால் 120 முதல் 130. இடுப்பு தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, ஆரம்பத் தள்ளலே பலவீனமாகும்.

அதிகம் கவனிக்கப்படாதது குதிகால். 'செட்' சொன்னதும் இரு பாதங்களையும் கட்டைமீது பின்னோக்கி அழுத்தச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை இறுகி நிற்க வேண்டும். அழுத்தாதவருக்கு, துப்பாக்கி வெடித்ததும் குதிகால் முதலில் பின்னால் சரியும், பிறகுதான் உடல் முன்னே நகரும். பக்கவாட்டில் நின்று கைபேசியில் மெதுவேகத்தில் படம் பிடித்தால் அந்தச் சரிவு தெளிவாகத் தெரியும். பின்கால் பலமாகத் தள்ளிவிட்டு முதலில் விடுபடும். முன்காலோ கடைசி வரை தள்ள வேண்டும், இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் முழுதாக நீளும்வரை.

அடுத்த பிழை, எட்டிப் பார்ப்பது. தலை நிமிர்ந்தால் மார்பும் நிமிரும். முன்னே போக வேண்டிய விசை மேலே போய்விடும். முதல் அடியை நீட்டிப் போடுவதும் அப்படித்தான். பாதம் உடலின் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் விழுந்தால் அதுவே தடையாகும். பின்னால் விழட்டும், அடி குட்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.