ஒரு முற்றத்தில் ஒரு நாள்: வஹாக்கா புறப்படும் குழுவினரிடம் பேசியது

அனைவருக்கும் மாலை வணக்கம்.

அடுத்த மாதம் மெக்சிகோவுக்குப் புறப்படுகிறீர்கள். பத்துப் பேர் கொண்ட சிறு குழு. அமைப்பாளர் பயணத் திட்டத்தை என்னிடம் கொடுத்ததும், ஊர்ப் பெயர்களுக்கு எதிரே போட்டிருந்த நேரத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒரே நாளில் நான்கு கைவினைக் கிராமங்கள் என்று இருந்தது. தயவுசெய்து இரண்டாகக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். குறைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி. அதை ஏன் கேட்டேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

மெக்சிகோவின் தெற்கில் இருக்கிறது வஹாக்கா மாநிலம். தலைநகருக்கும் அதே பெயர். நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் ஊருக்கு ஒரு தொழில் உண்டு. தெயோத்தித்லான் தெல் வாயேயில் கம்பளி நெசவு. சான் பார்த்தோலோ கொயோதெபெக்கில் கருப்பு மண்பாண்டம். ஆத்சோம்பாவில் பச்சை மெருகு பூசிய பாண்டம். சான் மார்த்தீன் தில்காஹேதேயில் மரச் சிற்பம். சாந்தோ தோமாஸ் ஹலியேசாவில் இடுப்புத் தறியில் நெய்த கச்சைகள். எல்லாமே நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அதுதான் சிக்கலும்கூட. பெரிய பஸ் ஒன்று நாற்பது பேரை இறக்கிவிடும். பட்டறைக்காரர் கால் மணி நேரத்தில் செய்துகாட்டுவார், மீதி நேரம் கடையில். அடுத்த பஸ் வந்ததும் அதே செய்துகாட்டல் மறுபடியும். பட்டறை என்கிறோமே, அது ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றம். பாட்டி ஒரு மூலையில் ஆட்டு மயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார், பள்ளி விட்டு வந்த பிள்ளை பாடம் எழுதிக்கொண்டிருக்கும். அந்த முற்றத்தில் பத்துப் பேர் உட்காரலாம், பேசலாம். நாற்பது பேர் நிற்கத்தான் முடியும்.

தெயோத்தித்லானுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே வாழ்பவர்கள் சபோடெக் பழங்குடி மக்கள். ஸ்பானியர் வருவதற்கு முன்பே இடுப்புத் தறியில் பருத்தி நெய்தவர்கள். செம்மறி ஆடும் மிதிதறியும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தன. இன்று நீங்கள் பார்க்கும் கம்பளி விரிப்பு அந்தத் தறியில் நெய்வது, ஆனால் அதில் உள்ள படிக்கட்டுச் சுருள் கோலம் பக்கத்து ஊரான மித்லாவின் பழைய கற்சுவர்களில் உள்ள கோலம். நூல் நூற்கும் முன் ஆட்டு மயிரை அமோலே என்னும் கிழங்கின் நுரையில் அலசுவார்கள். பிறகு சிக்கெடுத்து, நூற்று, சாயம் ஏற்றி, அதன் பிறகுதான் தறி. சாயம் ஏற்றும் நாளில் அங்கே இருக்க வாய்த்தால் வேறெங்கும் போகாதீர்கள்.

முற்றத்தின் சுவரோரம் நோபால் கள்ளியின் மடல்கள் சாய்த்து வைத்திருக்கும். நம் ஊர்ச் சப்பாத்திக் கள்ளியின் உறவு அது. மடலின் மேல் வெள்ளைப் பூஞ்சைபோல் ஏதோ ஒட்டியிருக்கும். அதற்குள் கொச்சினீல் பூச்சி. உலர்ந்த பூச்சி ஒன்றை உங்கள் உள்ளங்கையில் வைத்து நசுக்கச் சொல்வார்கள். கை முழுக்கக் கருஞ்சிவப்பு பரவும். அதன்மேல் எலுமிச்சை ஒரு சொட்டு விழுந்தால் செம்மஞ்சளாக மாறும். சுண்ணாம்பு ஒரு சிட்டிகை பட்டால் ஊதாவாகும். பஸ் கூட்டம் பார்ப்பது இவ்வளவுதான். இருந்து பார்ப்பவர்களுக்கு அடுத்தது கிடைக்கும்: அம்மியில் அந்தப் பூச்சியைப் பொடியாக அரைப்பது, அண்டாவில் கொதிக்க விடுவது, படிகாரத்தில் ஊறிய நூலை இறக்கிக் கழியால் புரட்டுவது, முதல் முக்கலில் அடர் சிவப்பும் அதே நீரில் மூன்றாம் முக்கலில் இளஞ்சிவப்புமாக நூல் வெளிவருவது. அவுரி நீலத்தில் முக்கியெடுத்த நூலை மறுபடி இந்தச் சிவப்பில் இறக்கினால் வரும் ஊதாவை நான் எந்தத் துணிக்கடையிலும் பார்த்ததில்லை.

ஒரு பவுண்டு சாயச் சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பானியப் பேரரசுக்கு மெக்சிகோவிலிருந்து போன ஏற்றுமதிகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்பு அங்கிகளுக்குச் சாயம் தந்ததும் இந்தக் கள்ளிப் பூச்சியே. ஸ்பெயின் இதைக் கட்டிக் காத்தது. 1777இல் தியெரி தெ மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் வஹாக்காவுக்கே போய்ப் பூச்சியோடு கள்ளி மடல்களைக் கடத்திச் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை விடவில்லை. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்காகவே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது தரம் குறைந்த காட்டு இனம். சாயம் தேறவில்லை. கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. வஹாக்காவின் விவசாயிகள் எத்தனையோ தலைமுறை பொறுக்கியெடுத்து வளர்த்த பூச்சியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தார்கள். அந்தக் கைப்பழக்கம் கப்பல் ஏறவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைச் சாயம் வந்ததும் இந்தத் தொழில் சரிந்தது. இன்று தெயோத்தித்லானில் இரண்டு வகையும் விற்கிறார்கள். இது பூச்சிச் சாயமா, கடைச் சாயமா என்று நேராகக் கேளுங்கள். மறைக்காமல் சொல்லும் நெசவாளரிடம் வாங்குங்கள். விடா நுவேவா என்ற பெண்கள் கூட்டுறவும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகளின் பெண்களும், கணவனை இழந்தவர்களும், மணமாகாதவர்களும் சேர்ந்து தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் தாங்களே நெய்து தாங்களே விற்கிறார்கள். வாய்ப்பு இருந்தால் அங்கே போய் வாருங்கள்.

கொயோதெபெக்கைப் பற்றிக் கொஞ்சம். அங்கே சக்கரம் கிடையாது. ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் இன்னொரு தட்டை நிமிர்த்தி வைத்து, கையால் சுழற்றியே பானை வனைகிறார்கள். பழைய பானைகள் மங்கிய சாம்பல் நிறம், மெஸ்கால் என்ற மதுவைச் சுமந்துபோகப் பயன்பட்டவை. 1950களில் தோனியா ரோசா என்ற குயவர், பானை முழுக்கக் காய்வதற்கு முன் படிகக் கல்லால் தேய்த்து, சூளைச் சூட்டைக் குறைத்துச் சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் கருப்பு வருவதைக் கண்டுபிடித்தார். இன்று அந்த ஊரே அதில் வாழ்கிறது. பளபளக்கும் பானையில் தண்ணீர் நிற்காது, கசியும். வாங்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

தில்காஹேதேயில் கோபால் என்னும் உள்ளூர் மரத்தில் செதுக்கிய வண்ண விலங்குகள், அலெப்ரிஹே. அவை பழங்காலத்தவை என்று வழிகாட்டி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1936இல் மெக்சிகோ நகரத்துக் காகிதக்கூழ்க் கலைஞர் பெத்ரோ லினாரெஸ் நோயில் கிடந்தபோது கனவில் கண்ட விந்தை உருவங்கள்தான் தொடக்கம். மரத்தில் செதுக்கும் வழியை வஹாக்காவுக்குக் காட்டியவர் அராசோலா ஊரின் மனுவேல் ஹிமேனெஸ். நூறாண்டுகூட ஆகாத மரபு என்பதால் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு மனிதரின் கனவிலிருந்து பல குடும்பங்களுக்குச் சோறு வந்திருக்கிறது.

இப்போது விலை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பட்டறையில் பேரம் பேசாதீர்கள். இந்த விரிப்பு தறியில் எத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் பாதி விலைக்குக் கேட்க உங்களுக்கு வாய் வராது. இந்த மக்களிடமிருந்து விலை கொடுக்காமலே எடுத்துப்போனவர்கள் உண்டு. 2015இல் இதே மாநிலத்தின் தலாவித்தொல்தெபெக் ஊரின் மிஹே பழங்குடி மக்கள், தங்கள் பாட்டிமார் காலத்து ரவிக்கைப் பூவேலையைப் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் தன் பெயரில் விற்கிறார் என்று எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அப்படித் தொடங்கிய பல குரல்களுக்குப் பிறகு, பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க வழி மெக்சிகோ மக்களின் பண்பாட்டு உடைமையைக் காக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். கோலத்தை மட்டும் நெருக்கமாகப் படம் பிடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அங்கே கெலகெட்சா என்று ஒரு வழக்கம். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற வீடுகள் வான்கோழி, சோளம், கொக்கோ, பணம் என்று கொண்டுவந்து கொடுக்கும். யார் என்ன கொடுத்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வார்கள். நம் மொய் நோட்டுத்தான், அச்சு அசல். நீங்கள் கொடுக்கும் நியாயமான விலையில் ஒரு பங்கு அந்த நோட்டுக்குள்ளும் போகும்.

சந்தைக்கு வருவோம். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் சந்தை: புதன் எத்லா, வியாழன் சாச்சிலா, வெள்ளி ஒகோத்லான், ஞாயிறு த்லாகொலூலா. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். தெருத்தெருவாகத் தார்ப்பாய்ப் பந்தல். உயிரோடு வான்கோழிகள், உலர்ந்த மிளகாய் மூட்டைகள், வெட்டுக்கிளி வறுவல், முக்காலி போல மூன்று காலுள்ள கல் அம்மிகள். இது சுற்றுலாவுக்காகப் போட்ட சந்தை அல்ல, சுற்றுவட்டாரத்து மக்கள் தங்களுக்காக நடத்துவது. தெஹாத்தே விற்கும் பெண்களைத் தேடிப் பாருங்கள். பெரிய பச்சை மண்தொட்டியில் சோளமும் கொக்கோவும் அரைத்த மாவை, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக் கலக்கி மேலே வெள்ளை நுரை திரள வைப்பார்கள். வண்ணம் தீட்டிய சுரைக்குடுவையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அங்கேயே நின்று குடியுங்கள்.

ரொக்கமாகப் பெசோ கொண்டுபோங்கள், சில்லறையாக இருந்தால் நல்லது. காலையிலேயே போய்விடுங்கள். சந்தைக் கட்டடத்துக்குள் இறைச்சியை வாங்கி, பக்கத்திலேயே உள்ள கரி அடுப்பில் நீங்களே சுட்டுக்கொள்ளலாம். குழுவில் சைவம் சாப்பிடுபவர்கள் மூன்று பேர் இருப்பதாக அறிந்தேன். பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்த சோள ரொட்டி எங்கும் கிடைக்கும். த்லாயுதா என்ற பெரிய ரொட்டி கேட்கும்போது மட்டும் கவனம்: அதில் பன்றிக் கொழுப்பைத் தடவுவது வழக்கம். "சின் அசியெந்தோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தடவாமல் தருவார்கள்.