எத்தனை வருடத்துக்கு ஒருமுறை அதே பூங்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நெருங்கினால் பல வீடுகளில் எழும் பேச்சு இது. எங்கே போகலாம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். நாலைந்து புதிய இடங்களின் பெயர் வந்து போகும். கடைசியில் பிள்ளைகள் கை காட்டுவது, போன தடவை போய்வந்த அதே பொழுதுபோக்குப் பூங்காவைத்தான். "அங்கேதான் எல்லாம் பார்த்தாச்சே!" என்பார் அப்பா. பார்த்தாச்சு என்பதுதான் பிள்ளைகளுக்குக் காரணமே. எந்த வளைவில் அடிவயிறு கூசும், எந்தத் திருப்பத்தில் தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இடம் அது. அங்கே அவர்கள் விருந்தாளிகள் இல்லை, உரிமையுள்ளவர்கள்.

ஒரு குடும்பம் தனக்குப் பிடித்த பூங்காவுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போவது நல்லது என்று பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். குடும்பங்கள் சேர்ந்து பொழுதைக் கழிக்கும் விதங்களைப் பற்றி நெடுநாளாக எழுதி வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடுத்த பயணம் எப்போது என்பதைக் கைக்காசும் காலண்டரும் மட்டும் முடிவு செய்யக் கூடாது. குழந்தையின் உயரத்தையும் கேட்க வேண்டும்.

உயரம் எங்கிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். பெரிய பூங்காக்களில் வேகமான சவாரி ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். அமெரிக்கப் பூங்காக்களில் அதிகம் காணப்படும் கோடுகள் 40 அங்குலம், 48 அங்குலம், 54 அங்குலம். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 102, 122, 137. ஐரோப்பாவில் 100, 120, 140 என்று முழு எண்களாக வைத்திருப்பார்கள். இது சும்மா போட்ட கோடு அல்ல. சவாரி தொடங்கும் முன் மடிமேல் வந்து அழுத்தும் கம்பியும், தோளை இறுக்கிப் பிடிக்கும் பட்டையும் ஒரு குறிப்பிட்ட உடலளவை வைத்துச் செய்தவை. அதைவிடச் சின்ன உடம்பு இடைவெளி வழியே நழுவிவிடலாம். அதனால்தான், குழந்தை எவ்வளவு அழுதாலும் பணியாளர் இரக்கப்பட்டு உள்ளே விடுவதில்லை. விடவும் கூடாது.

இப்போது வளர்ச்சிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரியாக வளரும் குழந்தை நான்கு வயதை ஒட்டி 102 சென்டிமீட்டரை எட்டும். ஏழு வயதை ஒட்டி 122. பத்து வயதை ஒட்டி 137. அதாவது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே பூங்காவில் புதிதாக ஒரு வாசல் அந்தக் குழந்தைக்குத் திறக்கிறது. பூங்கா நிர்வாகம் ஒரு செங்கல்லைக்கூட மாற்றி வைக்க வேண்டியதில்லை. போன முறை வெளியே நின்று பார்த்த அதே சவாரியில் இந்த முறை ஏறி உட்காரலாம் என்பதே போதும்.

அந்த அளவுகோலின் அடியில் நடப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? குழந்தை முதுகை விறைத்து நிமிர்ந்து நிற்கும். மோவாய் தானாக மேலே போகும். குதிகால் மெல்ல எழும்பும். "காலைத் தரையில் வை கண்ணா" என்று பணியாளர் சொல்வார். உச்சிக்குடுமியை அமுக்கிவிட்டுக் கட்டையைத் தலைமேல் இறக்குவார். அந்த ஒரு நொடியில் பெற்றோர் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொட்டுவிட்டால், "போகலாம்" என்ற ஒரு சொல். வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கிழித்து வளர்ச்சியைக் குறித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே ஒரு கோடு கூடினால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இங்கே அந்த வளர்ச்சிக்குப் பரிசு உடனே கைக்கு வருகிறது. ஒரு முழு ரோலர் கோஸ்டரே பரிசாக வருகிறது. போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் தான் என்னவாக ஆகியிருக்கிறோம் என்பதைக் குழந்தை தன் உடம்பாலேயே உணரும் இடம் வேறு அதிகம் இல்லை.

இதனால்தான் சற்று இடைவெளி விட்டுப் போகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் திரும்பிப் போனால் அதே கோட்டுக்குக் கீழே அதே ஏமாற்றத்தோடு நிற்க வேண்டியிருக்கும். பள்ளி வயதுக் குழந்தை வருடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. அதை அவசரப்படுத்த முடியாது.

இன்னொரு காரணம், நினைவு சம்பந்தப்பட்டது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முன் நடந்த எதுவும் நினைவில் நிற்பதில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் முதல் பயணம் முழுக்க முழுக்கப் பெற்றோருக்கானது. அது வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இளம் தாய் தகப்பனுக்கும் ஒரு நல்ல நாள் வேண்டும்தானே? ஆனால் குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு கதை வேறு. ஒரே மாதிரியான நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நடந்தால் மனம் அவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் கலந்து, "அங்கே போவோம், இப்படி இருக்கும்" என்று பொதுவான ஒரு நினைவாக்கிவிடும். இடைவெளி விட்டுப் போனால், அது என் ஏழு வயதுப் பயணம், இது தம்பி முதன்முதலில் பயப்படாமல் ஏறிய பயணம் என்று ஒவ்வொன்றும் தனியாக நிற்கும்.

அப்படியானால் வருடாந்திர பாஸ் வாங்கி அடிக்கடி போகிறவர்கள் தப்புச் செய்கிறார்களா? இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் சுகம் வேறு வகை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற ஓட்டம் அவர்களுக்கு இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய், ஒரே ஒரு சவாரி, கொஞ்சம் நடை, திரும்பி வரலாம். பூங்காவுக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. பாஸில் உள்ள ஆபத்து, கணக்குப் பார்க்கத் தொடங்குவது. இத்தனை தடவை போனால்தான் போட்ட காசு திரும்பும் என்று மனசு எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து பூங்கா கடமையாகிவிடும். மழை தூறும், குழந்தைக்குத் தூக்கம் வரும், ஆனாலும் கிளம்புவார்கள்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இந்தப் பழக்கம் ஒரு தடவை திடீரென்று அறுந்தது. 1955 ஜூலையில் திறந்த பூங்கா, பெருந்தொற்றால் 2020 மார்ச் 14 முதல் 2021 ஏப்ரல் இறுதிவரை மூடிக் கிடந்தது. இடையில் 2021 ஜனவரியில் வருடாந்திர பாஸ் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் வேறு பெயரில் புதிய பாஸ் வந்தபோது, வரும் நாளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் சேர்ந்து வந்தது. நினைத்தபோது எழுந்து போவதுதான் பாஸின் உயிர். அது இல்லாமல் பாஸ் எதற்கு என்று கேட்ட பழைய வாடிக்கையாளர்களின் வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வருவதைப் பற்றிப் பேசும்போது, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் உள்ள டிவோலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1843 ஆகஸ்டில் திறந்த பூங்கா அது. அங்கே 1914-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. வண்டியிலேயே ஓர் ஆள் உட்கார்ந்து வந்து, இறக்கங்களில் கையால் பிரேக் போடுவார். கொள்ளுத் தாத்தா ஏறிய தடத்தில் கொள்ளுப்பேரன் ஏறுகிறான். பிரேக் பிடிக்கும் ஆள்தான் மாறியிருக்கிறார். 1944 ஜூனில், நாஜிகளுக்குத் துணைபோனவர்கள் வைத்த குண்டுகளில் பூங்காவின் பல கட்டடங்கள் எரிந்தன. சில வாரங்களிலேயே மீண்டும் திறந்துவிட்டார்கள். போர் நடுவே ஒரு நகரம் அவ்வளவு அவசரமாகத் திறக்கும் இடம், அதற்கு எவ்வளவு வேண்டப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்!

நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்று ஒரு பூங்கா. 1952-இல் ஓவியர் ஆன்டன் பீக் வடிவமைத்த தேவதைக்கதைக் காட்டோடு தொடங்கியது. அங்கே ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. குண்டு மனிதன் ஒருவனின் தலை, அகலத் திறந்த வாய். "காகிதம் இங்கே, காகிதம் இங்கே" என்று டச்சு மொழியில் பசியோடு கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். காகிதத்தை வாயருகே கொண்டுபோனால் காற்று உறிஞ்சி இழுத்துக்கொள்ளும், நன்றியும் சொல்வான். குழந்தைகள் அவனுக்கு ஊட்டுவதற்காகக் கீழே கிடக்கும் காகிதத்தைத் தேடி ஓடுவார்கள். 1959 முதல் இருக்கிறான். அன்று காகிதம் ஊட்டிய குழந்தைகள் இன்று தாத்தா பாட்டிகள். பூங்காவின் விலையுயர்ந்த ரோலர் கோஸ்டர்களைவிட இந்தக் குப்பைத் தொட்டிதான் குடும்பங்களைத் திரும்ப இழுக்கும் ரகசியம் என்பேன். அதற்கு உயர அளவு கிடையாது. பாட்டிக்கும் பேத்திக்கும் அங்கே ஒரே வேலை.

இங்கேதான் பூங்கா நடத்துகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். டிவோலியை நிறுவிய கியோர்க் கார்ஸ்டென்சன், டிவோலி என்றைக்கும் முழுமையடையாது என்றார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வால்ட் டிஸ்னியும் தன் பூங்காவைப் பற்றி அதையே சொன்னார். புதியது வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் எதை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1989-இல் டிஸ்னிலேண்டில் தொடங்கிய ஸ்பிளாஷ் மவுன்டன் என்ற தண்ணீர்ச் சவாரி 2023-இல் மூடப்பட்டது. அது அடிப்படையாகக் கொண்ட 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம், கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக நெடுங்காலம் கண்டிக்கப்பட்டது. மாற்றியது நியாயம். அங்கே நிர்வாகம் பழைய தண்ணீர்த் தடத்தையும் கடைசிப் பெரிய இறக்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றி, 2024-இல் திறந்தது. இதை நான் நல்ல முறை என்று நினைக்கிறேன். அப்பா சின்ன வயதில் அலறிய அதே சரிவில் மகளும் அலறலாம். அடியோடு இடித்துத் தள்ளியிருந்தால் அந்தத் தொடர்ச்சி போயிருக்கும்.

பெஞ்சைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். டிஸ்னி தன் இரண்டு மகள்களை வார இறுதிகளில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் இருந்த குதிரை ராட்டினத்துக்குக் கூட்டிப் போவாராம். பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அப்போதுதான் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன ஒரு தகப்பனின் யோசனையிலிருந்து பிறந்தது டிஸ்னிலேண்ட்.

திரும்பிப் போகும் குடும்பங்களிலும் பெஞ்சில் உட்காருகிறவர் மாறிக்கொண்டே இருப்பார். முதலில் கைக்குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ, முறை வைத்து. பிறகு எல்லோருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பாட்டி. இன்னும் சில வருடம் போனால், ஒரு காலத்தில் முதல் வரிசை இருக்கைக்கு அடம்பிடித்த அப்பாவே முதுகுவலியைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். முதுகு, கழுத்து, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற பலகையை இத்தனை வருடமும் அவர் படித்ததே இல்லை. இப்போது நின்று படிக்கிறார். உயர அளவுகோல் குழந்தைகளை உள்ளே விடும் வேளையில், அந்தப் பலகை பெரியவர்களை வெளியே நிறுத்துகிறது. குடும்பம் முழுவதும் ஒரே சவாரியில் சேர்ந்து ஏறக்கூடிய வருடங்கள், இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவை மட்டும்தான். கடைக்குட்டி 122-ஐத் தொட்டுவிட்டது, அப்பாவுக்கு முதுகு இன்னும் வலிக்கவில்லை என்றால், அந்த வருடத்தைத் தள்ளிப் போடாதீர்கள். என் மூன்று வருடக் கணக்கைக்கூட ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

பதின்ம வயதில் பிள்ளைகள் நண்பர்களோடு போக விரும்புவார்கள். போகட்டும். அதோடு குடும்பப் பயணம் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த திரும்புதல் அதற்குப் பிறகுதான் வருகிறது: வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள், வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது. அப்போது டிக்கெட் யார் கையில் இருக்கிறது, யார் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறார்கள் என்று பாருங்கள்.

அப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெதுவாகப் போகும் படகுச் சவாரி, நீராவி ரயில், குதிரை ராட்டினம் இவற்றை முதலில் வையுங்கள். வெயில் ஏறும்முன் நடக்க வேண்டியதை நடந்துவிடுங்கள். பெரிய பூங்காக்கள் பலவற்றில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வேண்டாம் என்று பெரியவர்கள் கூச்சப்பட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் உதவும். கிளம்பும் முன் அவர்களிடம், எந்தச் சவாரிக்காக இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அது பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று பூங்காவின் அறிவிப்பில் பாருங்கள். மூடியிருந்தால் தேதியை மாற்றுங்கள்.

நன்றி. வணக்கம்.